இடக்கரடக்கலும் குடல் நலமும்

தமிழிலக்கணம் கற்கும் மாணவர் யாவரும் அறிந்த பாகுபாடு ஒன்றுண்டு. வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாக வகுத்த நன்னூலார், தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்கினார். அவையிலே சொல்லத் தகாத ஒன்றைப் பிறிதொரு சொல்லால் மறைத்துச் சொல்லுதல் இடக்கரடக்கல். மங்கலமில்லாததை மங்கலமாக்கிச் சொல்லுதல் மங்கலம். ஒரு கூட்டத்தார் ஒரு பொருளின் சொற்குறியை ஒழித்துத் தமக்குள் விளங்கும் வேறொரு குறியால் வழங்குதல் குழூஉக்குறி. நன்னூலாருக்கு முற்பட்ட தொல்காப்பியரும் அவைக்கு ஆகாத சொல்லை மறைத்தே கூறவேண்டுமெனச் சொல்லதிகாரத்தில் விதித்துச் சென்றார்.

இம்மூன்றும் நம் மொழியின் பண்பாட்டுக்குச் சான்றுகளாம். மலங்கழித்தலை 'வெளிக்குப் போதல்' என்கிறோம். செத்தவரைத் 'துஞ்சினார்' என்கிறோம். கேட்பார் முகஞ்சுளியாமலும் மனம் நோகாமலும் பேசுதல் நன்மக்கள் கடன். ஆயின், இலக்கணம் இவற்றை அவைக்கென வகுத்ததே யொழிய எல்லா இடத்துக்குமென வகுத்ததில்லை. வைத்தியருடைய அறை அவையாகாது. அங்கும் இம்மூன்று திரைகளையும் விலக்காது பேசும் நம் வழக்கம், காக்கக்கூடிய உயிர்கள் பலவற்றைக் காவாமற் போக்குகின்றது. இதனை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓசை எழுப்பாத உறுப்புக்கள்

உண்ணுதல் நம் செயல். சமித்தல் நம் செயலன்று. உணவு தொண்டையைக் கடந்த பின் நடப்பது யாதும் நமக்குத் தெரியாது. இரைப்பையும், ஏறத்தாழ 6 மீற்றர் நீளமான சிறுகுடலும், ஒன்றரை மீற்றர் நீளமான பெருங்குடலும், அவற்றுக்குத் துணையாக நிற்கும் ஈரலும் கணையமும் பித்தப்பையும் இரவு பகலாகத் தம் தொழிலைச் செய்கின்றன. கண்ணில் ஒரு தூசு விழுந்தாலும் உடனே தெரிகின்றது. பல்லிலே சிறு துளை விழுந்தாலும் சில நாளில் தெரிகின்றது. குடலின் உட்புறத்திலே ஒரு முளை தோன்றி ஆண்டுக்கணக்கில் வளர்ந்தாலும் நோவு தோன்றுவதில்லை. நோவு தோன்றும் நாளிலோ நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

இந்த இருண்ட அறைக்குள் மனிதன் கண் புகுந்த வரலாறு சுவையானது. 1822 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மக்கினாக் தீவிலே துப்பாக்கி வெடித்து அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்னும் இளைஞனின் வயிற்றைத் துளைத்தது. அவன் பிழைத்தான், ஆனால் இரைப்பைக்குச் செல்லும் துவாரம் மூடாமலே நின்றுவிட்டது. அவனுக்கு வைத்தியஞ் செய்த வில்லியம் போமன்ற் என்னும் இராணுவ வைத்தியர் அத்துவாரத்தின் வழியே நூலிற் கட்டிய உணவை உள்ளே விட்டும் வெளியே எடுத்தும் சமிபாட்டினை ஆராய்ந்து, 1833 இல் நூலொன்று வெளியிட்டார். விபத்தொன்று திறந்துவிட்ட சாளரம் அது. விபத்தின்றியே உள்ளே நோக்கும் வழி 1957 இல் உண்டாயிற்று. கண்ணாடி இழைகளால் ஒளியைச் செலுத்தும், வளைந்து கொடுக்கும் அகநோக்கியை மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே பசில் ஹேர்ஷோவிற்ஸ் என்பார் உருவாக்கினார். அதனை முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். 1969 இல் நியூயோர்க்கிலே ஷின்யா, வூல்ஃப் என்னும் இருவர் பெருங்குடலின் உள்ளே செல்லும் அகநோக்கியின் வழியாகவே ஒரு முளையைக் கம்பிக் கண்ணியாற் சுருக்கி அகற்றினர். வயிற்றைக் கிழியாமலே, புற்றுநோய் ஆகக்கூடியதை ஆகுமுன்னரே நீக்கலாம் என்னும் நிலை பிறந்தது.

இதன் பொருளை ஆசிரியப் பெருமக்கள் சற்றுச் சிந்தித்தல் வேண்டும். பெருங்குடற் புற்றுநோயிற் பெரும்பான்மை, தீங்கில்லாத சிறு முளையாகவே தொடங்குகின்றது. எல்லா முளைகளும் புற்றாவதில்லை. புற்றாவதும் பெரும்பாலும் பத்தாண்டு அளவிலான மெல்லிய நடையிலேயே ஆகின்றது. பகைவன் வருவதற்குப் பத்தாண்டு எடுத்துக் கொள்கின்றான். நமக்கோ அவன் வரும் வழியை நோக்கும் கருவியும் உண்டு. எனினும் பலர் அவன் வாயிலைத் தட்டிய பின்னரே விழிக்கின்றனர். கருவி கிடைப்பதிலும் செலவிலும் உள்ள இடர்கள் ஒருபுறமிருக்க, பேசக் கூசும் நாவும் இதற்குப் பெருங் காரணமாகும்.

முதலாம் திரை: இடக்கரடக்கல்

கல்லூரி ஆசிரியர் ஒருவர் குடல்நோய் நிபுணரிடம் செல்கின்றார் என்று கொள்வோம்.

"என்ன வருத்தம், மாஸ்ரர்?"

"கொஞ்சம் வாய்வு, டொக்டர். கஸ்ரைற்றிஸ் போலக் கிடக்கு."

"வெளிக்குப் போறது எப்படி?"

"அதெல்லாம் பரவாயில்லை."

மூன்று மாதமாக மலத்தோடு குருதி கலந்து போவது அந்தப் 'பரவாயில்லை' என்னும் சொல்லுக்குள் அடங்கிவிட்டது. அவர் பொய் சொல்லக் கருதியவரல்லர். தம்மிடம் படித்த மாணவன் ஒருவன் அங்கே உதவி வைத்தியனாக நிற்கக்கூடும், பெண் தாதியொருவர் பக்கத்தில் நிற்கக்கூடும், நாவு கூசிற்று. உள்ளதைச் சொல்லாது எழுந்து, கதவிற் கை வைத்த பின்னரே திரும்பி நின்று மெல்லச் சொல்லும் நோயாளரை வைத்தியர் யாவரும் அறிவர். கதவு வரை சென்றும் சொல்லாமற் போனவர்களை அவர்கள் அறிய வழியில்லை.

குருதியைக் கண்டவருட் பலர் அதனை 'மூலம்' என்று தாமே முடிவு செய்கின்றனர். மூலத்தினாற் குருதி போதல் மிகவும் பொதுவான செய்திதான். ஆயினும் மூலம் உள்ளவர்க்கும் குடலிலே முளையிருக்கலாம். இரண்டையும் வேறு பிரித்தறிதல் பரிசோதனையால் ஆகுமே யன்றி ஊகத்தால் ஆகாது. மலம் தார் போலக் கறுத்து ஒட்டுந் தன்மையும் கெட்ட மணமும் உடையதாயின், இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ குருதி கசிகின்றது என்பதற்கு அது அறிகுறியாகலாம். அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய நிலை அது. இரும்புச்சத்துக் குளிகை உண்பார்க்கும் மலம் கறுக்கும்; ஆதலின் உண்ணும் மருந்தையும் உடன் சொல்லுதல் வேண்டும். மலம் போகும் வழக்கம் காரணமின்றி மாறிச் சில வாரம் அவ்வாறே நிற்றல், முயலாமலே உடல் மெலிதல், ஆடவர்க்கும் மாதவிடாய் நின்ற பெண்டிர்க்கும் இரும்புக் குறைவினாற் குருதிச்சோகை உண்டாதல் ஆகிய இவையும் சொல்லாது விடத்தகாதவை.

சொல்லக் கூசுவோர்க்கு வைத்தியரே ஒரு வழி செய்துள்ளனர். இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரத்து ஆராய்ச்சியாளர் மலத்தின் வடிவங்களை ஏழாக வகுத்துப் படத்தோடு அமைத்த அட்டவணையொன்று 1997 இல் வெளியாகி, இன்று உலகெங்கும் வழங்குகின்றது. ஆட்டுப் புழுக்கை போன்ற கட்டிகள் முதலாம் வகை. நீராய்ப் போவது ஏழாம் வகை. வழுவழுப்பாய், வெடிப்பின்றி, வாழைப்பழம் போல் நீண்டது நான்காம் வகை. நோயாளி வாய் திறவாமல் விரலாற் சுட்டிக் காட்டினாலும் போதும். தொகுத்தும் வகுத்தும் கூறுதலை நூலின் உத்தியெனக் கொண்ட தமிழர், இவ்வகைப்பாட்டினைக் கண்டு நகைத்தல் பொருந்தாது.

அதே நாட்டிலே 50 வயது முதல் 74 வயது வரையுள்ளார்க்கு இரண்டாண்டுக்கொரு முறை சிறு குப்பியொன்று தபாலில் வீட்டுக்கு வருகின்றது. மலத்திற் சிறிதளவை அதில் எடுத்துத் தபாலிலேயே திருப்பியனுப்பினால், கண்ணுக்குத் தெரியாத குருதி அதிலுண்டா எனச் சோதித்து விடையனுப்புகின்றனர். குருதி கண்டவர்க்கு மட்டும் அகநோக்கிப் பரிசோதனை செய்யப்படுகின்றது. அவையிற் சொல்லத் தகாத பொருள் அரசாங்கத் தபாற் பையிலே ஏறிச் சென்று உயிர்களைக் காக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவிலே, முன்னர் 50 வயதிலே தொடங்குக என்றிருந்த அறிவுரையை 2021 இல் 45 வயதுக்கு இறக்கினர். இளையாரிடத்தும் இந்நோய் மிகுந்து வருதலே அதற்குக் காரணம். தபாற்காரன் நம் படலைக்கு அக்குப்பியைக் கொண்டுவருவான் எனக் காத்திராமல், 50 வயதை அணுகும் ஒவ்வொருவரும் தம் வைத்தியரிடம் இப்பரிசோதனையைப் பற்றிக் கேட்டறிதல் நன்று.

இரண்டாம் திரை: மங்கலம்

புற்றுநோய் என்னும் பெயரை நம்மூரிற் பலர் வாயாற் சொல்வதில்லை. 'அந்த வருத்தம்' என்பர். 'கூடாத வருத்தம்' என்பர். பெயரைச் சொன்னால் அது தம்மேல் வந்துவிடும் என்னும் அச்சமும், இறந்தவரை இழிவுபடுத்தலாகாது என்னும் அன்பும் இவ்வழக்கிற் கலந்துள்ளன. ஆயினும் இம்மங்கலம் குடும்பத்தின் வரலாற்றையே மறைத்துவிடுகின்றது.

'பெரியப்பா வயிற்று வருத்தத்தால் மோசம் போனார்' என்று மட்டுமே பிள்ளைகள் அறிவர். அவ்வயிற்று வருத்தம் யாது, ஈரலிலா, இரைப்பையிலா, பெருங்குடலிலா, எந்த வயதில் அது கண்டறியப்பட்டது என்பனவற்றை அறிந்த முதியவர் தாமும் ஒருநாள் கண்மூடுகின்றார். தாய், தந்தை, உடன்பிறந்தார் ஆகியோருள் ஒருவருக்குப் பெருங்குடற் புற்றுநோய் வந்திருப்பின், ஏனையோர் 40 வயதிலோ, அவ்வுறவினர்க்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னரோ, இரண்டில் எது முந்தியதோ அப்போதே அகநோக்கிப் பரிசோதனையைத் தொடங்கவேண்டும் என்பது நிபுணர் பலரும் கொள்ளும் விதி. தந்தைக்கு 45 வயதில் நோய் கண்டதாயின் மகனுக்கு 35 வயதிலேயே பரிசோதனை வேண்டும். தந்தையின் நோயைப் பெயர் சொல்லி அறியாத மகன் இவ்விதியை எவ்வாறு கைக்கொள்வான்? மூதாதையர் பெயரையும் ஊரையும் ஏழு தலைமுறைக்கு ஒப்பிக்கும் நம் குடும்பங்கள் அவர்களுடைய நோயின் பெயரையும் ஏட்டிற் குறித்து வைத்தல் வேண்டும். அஃது இறந்தாரை இகழ்வதாகாது. அவர்கள் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் முதுசொம் எனவே கொள்ளத்தகும்.

ஈரல் நோயினையும் இத்திரையே மறைக்கின்றது. ஈரல் கெட்டதென்றால் 'குடித்தானாக்கும்' என்று ஊர் பேசும்; ஆகவே குடியாதவரும் தம் ஈரல் நோயை மறைப்பர். ராகமைப் பகுதியிலே 2007 இல் தொடங்கிய ஆய்வொன்றில், 35 முதல் 64 வயது வரையுள்ளாரில் ஏறத்தாழ மூவருக்கொருவருக்கு மதுவாலன்றியே ஈரலிற் கொழுப்புப் படிந்திருந்தது. இடுப்பின் பருமன், நீரிழிவு, குருதியிற் கொழுப்பு, உடலுழைப்பின்மை ஆகியவற்றோடு இது கைகோத்து வருகின்றது. பலருக்கு இதனால் தீங்கில்லை. சிலருக்கோ ஈரல் மெல்ல மெல்லத் தழும்பேறிச் சுருங்குகின்றது. உடல் நிறையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு வரை குறைத்தால் ஈரலின் கொழுப்பும் அழற்சியும் குறைதல் கண்டறியப்பட்டுள்ளது. சீனி மிகுந்த தேநீரையும் இனிப்புப் பானங்களையும் விடுதல், கோப்பையிற் குவிக்கும் சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டுதல், மாலையில் விரைந்து நடத்தல் ஆகியவை இதற்கு வாய்த்த மருந்துகள்.

செங்கமாரி எனப் பொதுப்பெயராற் சுட்டும் நோய்க்குக் காரணமாவனவற்றுள் ஹெப்பரைற்றிஸ் பி என்னும் வைரசும் ஒன்று. அது உடலிலே நிலைத்து நின்று பிற்காலத்தில் ஈரற் புற்றுநோயையும் தரவல்லது. இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இதற்கான ஊசி 2003 இற் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பிறந்தவர் தமக்கு அது வேண்டுமா என வைத்தியரைக் கேட்டல் தகும்.

மங்கலம் என்றவுடன் நினைவுக்கு வருவது வெற்றிலைத் தட்டம். திருமணத்திலும் வரவேற்பிலும் தாம்பூலத்துக்குள்ள இடத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருளென உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004 இலேயே வகுத்துவிட்டது. புகையிலை சேராத வெற்றிலையும் வாய்க்கும் உணவுக் குழாய்க்கும் தீங்கு செய்யும் என்பது அந்நிலையத்தின் பிற்கால முடிபு. ஆதலின் தட்டத்தை ஏந்தி வணங்கிப் பெறுவோம், மெல்லாது வைப்போம். அதே நிலையம் 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட கொதிசூட்டில் அருந்தும் பானங்கள் உணவுக் குழாய்ப் புற்றுக்குக் காரணமாதல் கூடுமென 2016 இல் அறிவித்தது. தேநீரைச் சற்று ஆறவிட்டுக் குடித்தலுக்குக் காசு செலவில்லை.

மூன்றாம் திரை: குழூஉக்குறி

பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றாற்போல, நாம் வயிற்றின் மேற்பாகத்தில் எழும் எல்லாவற்றையும் 'கஸ்ரைற்றிஸ்' என்கிறோம். முன்னோர் 'வாய்வு' என்றனர். நெஞ்செரிவு, புளித்த ஏப்பம், இரைப்பைப் புண், பித்தப்பையிற் கல், சில வேளைகளில் இருதய நோவு ஆகிய யாவும் இவ்வொரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. கூட்டத்தார்க்கெல்லாம் விளங்குவது போலத் தோன்றி ஒருவர்க்கும் விளங்காத குறி இது. வியர்வையோடும் மூச்சுத் திணறலோடும் கைக்கோ தாடைக்கோ பரவும் நெஞ்சு நோவை வாய்வெனக் கொண்டு, உள்ளி அவித்துக் குடித்து விடியுமளவும் காத்திருத்தல் உயிரோடு விளையாடுவதாகும்.

ஒரு சொல் எவ்வாறு உலகத்தையே நெடுங்காலம் மயக்கவல்லது என்பதற்கு இரைப்பைப் புண்ணின் வரலாறு நல்ல சான்று. காரமும் கவலையும் அமில மிகுதியுமே புண்ணுக்குக் காரணமென வைத்திய உலகம் நம்பியிருந்தது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலே றொபின் வொறன் என்னும் நோயியலாளர், இரைப்பையிலிருந்து எடுத்த இழையங்களிலே வளைந்த கிருமிகளைக் கண்டார். பரி மார்ஷல் என்னும் இளம் வைத்தியர் அவரோடு சேர்ந்தார். 1982 இல் உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் வளர்ப்புத் தட்டுக்கள் வழக்கத்தினும் அதிக நாள் விடப்பட்டமையால், மெல்ல வளரும் அக்கிருமி முதன்முறையாக வளர்ந்து தோன்றிற்று. உலகம் நம்ப மறுத்தது. 1984 இல் மார்ஷல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே குடித்து, சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் உற்றார். 2005 இல் இருவர்க்கும் நோபெல் பரிசு கிடைத்தது. ஹெலிக்கோபக்ரர் பைலோறி என வழங்கும் அக்கிருமி தொற்றியவர் எல்லோர்க்கும் புண் வருவதில்லை. வந்தவர்க்குச் சில வாரங்கள் உண்ணும் மருந்துகளாற் கிருமியை ஒழித்துப் புண்ணை ஆற்றலாம். இரைப்பைப் புற்றுநோய்க்கும் இக்கிருமி காரணமாவதால் அதனை ஒழித்தல் தடுப்பு வைத்தியமும் ஆகின்றது.

புண்ணுக்கு மற்றொரு பெருங் காரணம் நம் சட்டைப் பையிலேயே உள்ளது. முழங்கால் நோவுக்கும் தலையிடிக்கும் நாமே கடையில் வாங்கி உண்ணும் டைக்குளோபெனக், ஐபுபுறோபென், அஸ்பிரின் முதலிய குளிகைகள் இரைப்பையின் காப்புப் படலத்தைக் குலைக்கின்றன. நின்றுகொண்டே படிப்பித்து முழங்கால் தேய்ந்த ஆசிரியர்க்கு இவ்வெச்சரிக்கை சிறப்பாக உரியது. இருதயத்துக்கென வைத்தியர் தந்த அஸ்பிரினைத் தாமே நிறுத்துதலும் தவறு. கேட்டே எதனையும் செய்தல் வேண்டும். அமிலத்தை அடக்கும் ஒமெப்பிறசோல் போன்ற மருந்துகளை ஆண்டுக்கணக்கில் கேள்வியின்றி உண்பாரும் உளர். அம்மருந்துகள் நல்லன, எதற்காக, எத்துணைக் காலம் என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை தெரிந்து உண்ணுதலே முறை. விழுங்குதல் தடைப்படுதல், ஓயாத வாந்தி, மெலிவு, கறுத்த மலம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் குளிகையால் அதனை அடக்காது நிபுணரை நாடவேண்டும்.

குழூஉக்குறி வைத்தியரிடத்தும் உண்டு. துண்டிலே அவர் கிறுக்கும் ஆங்கிலச் சுருக்கெழுத்துக்கள் நோயாளிக்கு விளங்குவதில்லை. விளங்காதபோது, "ஐயா, இதனைத் தமிழிற் சொல்லுங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. தமிழில் அதற்குச் சொல்லில்லை என்று யாரும் தப்பிக்கொள்ளவும் முடியாது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே வைத்தியப் பணி செய்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே மாணாக்கர்க்குக் கற்பித்தார். 1867 இல் 'இரண வைத்தியம்', 1872 இல் 'வைத்தியாகரம்', 1875 இல் 'கெமிஸ்தம்' எனப் பெரு நூல்களைத் தமிழில் வெளிப்படுத்தினார். உடலின் உள்ளுறுப்பு ஒவ்வொன்றையும் கூசாது பெயர் சொல்லி விளக்கும் உரைநடை அந்நாளிலேயே நமக்கு வாய்த்துவிட்டது. இன்று நம் பாடநூல்கள் வழங்கும் சமிபாடு, குடற்சடைமுளை, உணவுக் கால்வாய் என்னும் சொற்களை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் அறிவான். பரீட்சைக்கு எழுதும் சொல்லைத் தன் வயிற்றுக்குப் பயன்படுத்த மட்டும் அவன் கூசுகின்றான்.

வள்ளுவரும் உரையாசிரியரும்

திருக்குறளின் 95 ஆம் அதிகாரம் 'மருந்து' என்னும் பெயருடையது. அதனைத் திறந்து மருந்தொன்றின் பெயரைத் தேடினால் ஒன்றேனும் அகப்படாது. முன் உண்டது அற்றதை அறிந்து உண்க, அளவறிந்து உண்க, மாறுபாடில்லாததைத் தெரிந்து மறுத்தும் உண்க என உண்ணும் நெறியையே வள்ளுவர் அங்கே பெரிதும் பேசுகின்றார். நோய் வாராமற் காத்தலையே அவர் முதல் மருந்தாகக் கொண்டார் என்பது தெளிவு. இக்கால அறிவு அந்நெறிக்கு அளவு கூறுகின்றது. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும், 25 கிராம் நார்ப்பொருளும் குறையாமல் உண்ணல் வேண்டும், உப்பு 5 கிராமுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் விதிக்கின்றது. தவிடு போகாத சிவப்பரிசி, குரக்கன், பயறு, கௌபி, முருங்கையிலை, வல்லாரை, கொய்யா ஆகியவை நம் முற்றத்திலும் சந்தையிலும் உள்ள நார்ப்பொருட் களஞ்சியங்கள்.

அவ்வதிகாரத்தின் முடிவிலே மருத்துவத்தின் உறுப்புக்களை நான்காக எண்ணும் வள்ளுவர், நோயுற்றவனையே முதலில் வைத்தார். மருத்துவனும் மருந்தும் அருகிருந்து உதவுவானும் அவனுக்குப் பின்னரே வருகின்றனர். அந்நோயுற்றவனுக்கு வேண்டும் தகுதிகளை வகுத்த பரிமேலழகர், தன் நோயின் நிலையை எடுத்துணர்த்தும் வன்மையையும் அவற்றுள் ஒன்றாக்கினார். இதனை நாம் ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். தன் நோயைச் சொல்லத் தெரிதல் நோயாளியின் கடமை மட்டுமன்று, மருத்துவத்தின் ஓர் உறுப்பே ஆகும். அவ்வுறுப்புக் குறைந்தால் எஞ்சிய மூன்றும் நிறைந்திருந்தும் பயனில்லை. இடக்கரடக்கலை வகுத்த இலக்கண மரபும், நோய்நிலை உணர்த்தலைப் போற்றிய உரைமரபும் ஒரே தமிழின் இரு கண்கள். எவ்விடத்து எதனைக் கைக்கொள்வது என்று அறிதலே புலமை.

வகுப்பறையிலே தொடங்குக

இக்கூச்சம் பிறப்போடு வருவதில்லை, கற்பிக்கப்படுவது. பாட நடுவிலே ஒரு சிறுவன் விரலை உயர்த்தி நிற்கின்றான். "மணி அடிக்கட்டும், இரு" என்கின்றோம், வகுப்பு நகைக்கின்றது. அடுத்த நாள் அவன் விரலை உயர்த்துவதில்லை. மலசலகூடத்திலே தண்ணீரில்லை, கதவிலே பூட்டில்லை என்பதனாற் காலை முதல் பிற்பகல் வரை தண்ணீரே குடியாமல் அடக்கிக்கொண்டிருக்கும் மாணவியர் எத்தனை பேர் என்று ஆசிரியைகள் அறிவர். அடக்கி அடக்கி மலச்சிக்கல் உண்டாகின்றது, சிக்கலினால் நோவுண்டாகின்றது, நோவுக்கு அஞ்சி மீண்டும் அடக்குகின்றனர். பிள்ளைகளின் மலச்சிக்கலிற் பெரும்பான்மை இவ்வட்டத்திலேயே சுழல்கின்றது என்பதைக் குடல்நோய் நிபுணர் நன்கறிவர். அதனினும் பெரிய தீங்கு, தன் வயிற்றைப் பற்றிப் பேசுதல் இழிவு என்று அப்பிள்ளை கற்றுக்கொள்வது. ஐம்பது வயதில் நிபுணர்முன் 'அதெல்லாம் பரவாயில்லை' என்று சொல்பவர் அப்பிள்ளையே.

ஆகவே ஆசிரியர் செய்யத்தக்கன சில உள. விரல் உயர்த்திய பிள்ளையைக் காரணம் வினவாது அனுப்புக. பாடசாலை அபிவிருத்திக் கூட்டத்தில் வாயில் வளைவுக்கும் மேடைத் திரைக்கும் பணம் ஒதுக்குமுன், மலசலகூடத்தின் தண்ணீருக்கும் தாழ்ப்பாளுக்கும் ஒதுக்குக. விஞ்ஞான ஆசிரியர் சமிபாட்டுத் தொகுதியைப் படிப்பிக்கும்போது, படத்திற்கு நிறந்தீட்டுவதோடு நில்லாது, எவ்வறிகுறி கண்டால் யாரிடம் என்ன சொல்லவேண்டும் என்பதையும் கற்பிக்குக. தமிழாசிரியர் தகுதி வழக்கைக் கற்பிக்கும்போது, அதன் இடத்தையும் எல்லையையும் சேர்த்துக் கற்பிக்குக. இக்கட்டுரையைப் படிக்கும் 50 வயதினர், தம் பெற்றோரும் உடன்பிறந்தாரும் எந்நோயால் எவ்வயதில் வருந்தினர் என்பதை ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுக்குக. தாம் வைத்தியரிடம் செல்லுமுன்னும் ஒரு தாளை எடுத்து, என்ன வருத்தம், எந்நாள் முதல், எத்தனை முறை, என்ன நிறம், என்ன மருந்து உண்கிறேன் என வரிசையாகக் குறித்துக்கொள்ளுக. வாய் கூசினால் அத்தாளை நீட்டிவிடலாம், எழுத்துக்கு நாணமில்லை.